ஷோபானின் ஏ மைனர் வால்ட்ஸ்: நமக்கு எட்டுமா என்று பார்ப்பதும் எட்டும்படி பயில்வதும்

பியானோ கற்கத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர்களுக்கு வால்ட்ஸ் ஆசை வந்தே தீரும். பயிற்சிப் புத்தகங்கள் சலித்திருக்கும். பெரிய சொனாட்டாவுக்குக் கை இன்னும் பக்குவப்பட்டிருக்காது. வால்ட்ஸோ காதுக்கு இனியது, இரண்டு மூன்று பக்கங்களில் முடிவது, கேட்பவர்களுக்கும் உடனே பிடிப்பது. அந்த ஆசை நல்லது. ஆனால் எந்த வால்ட்ஸை எடுப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். காதுக்கு எளிதாகத் தோன்றுவதை எடுத்து மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள். அல்லது பயந்துகொண்டு, தங்களுக்கு எட்டக்கூடியதையே தள்ளிப்போடுகிறார்கள்.

ஒரு வால்ட்ஸின் கடினத்தை இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்: இடது கையிலும், அதன் மிகக் கடினமான ஒரு வரியிலும். பயிற்சியைத் தொடங்க வேண்டியதும் அங்கேதான். முதல் பக்கத்தின் முதல் வரி அநேகமாக எல்லா வால்ட்ஸிலும் இனிமையாகவும் எளிதாகவும்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் ஏ மைனர் வால்ட்ஸ். இடைநிலைக்கு வந்தவர் முதலில் எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஷோபான் வால்ட்ஸ் கிடையாது என்பது என் கருத்து. ஆனால் இசை நோட் வாங்கும்போதும் தரவிறக்கும்போதும் கவனம் தேவை. ஏ மைனரில் ஷோபானுக்கே இன்னொரு புகழ்பெற்ற வால்ட்ஸ் உண்டு. அது ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 34, எண் 2, 1838-இல் வெளியானது, நீளமானது, தொடக்க மெட்டு இடது கையிலேயே வருவது. நாம் பேசுவதற்கு ஓபஸ் எண்ணே இல்லை. 1843-க்கும் 1848-க்கும் இடையில் எழுதப்பட்டு, 1849-இல் அவர் இறந்த பிறகே வெளியானது. பட்டியல்களில் ‘பி. 150’ என்று இருக்கும். போதாக்குறைக்கு, நார்வேயின் எட்வர்ட் கிரீக் எழுதிய ஏ மைனர் வால்ட்ஸ் ஒன்றும் இருக்கிறது (ஓபஸ் 12, எண் 2). மூன்றும் ஒரே தலைப்பில் கண்ணில் படும். எளிமைப்படுத்திய பதிப்புகளும் உலவுகின்றன. தலைப்பின் கீழே வேறொருவர் பெயர் ‘ஏற்பாடு’ என்று இருந்தால் அது மூலம் இல்லை.

எட்டுமா என்று பார்ப்பது

கிரேடு எண் ஓரளவுக்குத்தான் உதவும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வுகளில் 1 முதல் 8 வரை கிரேடுகள் உண்டு. ஜெர்மனியின் ஹென்லே பதிப்பகம் 1 முதல் 9 வரை தன் கடின அளவைப் போடுகிறது. இந்த வால்ட்ஸை ஆசிரியர்கள் பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் கிரேடு அளவில் வைப்பார்கள். ஆனால் ஒரே கிரேடில் இருக்கும் இரண்டு பாடங்கள் உங்கள் கைக்கு ஒன்றுபோல் இருக்காது. ஸ்கேல் வேகமாக ஓடும் கைக்கு ஒன்று எளிது. தாவல் பழகிய கைக்கு மற்றொன்று. அதனால் எண்ணைத் தெரிந்துகொண்டு, பிறகு நோட்டைத் திறந்து நீங்களே பாருங்கள்.

முதலில் கேளுங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பியானோவைத் தொடாமல், குறைந்தது இரண்டு கலைஞர்கள் வாசித்ததைக் கேளுங்கள். கண் எங்கே இசையைத் தவறவிடுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கண் தொலையும் இடத்தில் பெரும்பாலும் கையும் தொலையும்.

அடுத்து இடது கையை மட்டும் பாருங்கள். வால்ட்ஸின் அடித்தளம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: முதல் எண்ணிக்கையில் கீழே ஒரு பேஸ் ஸ்வரம், இரண்டிலும் மூன்றிலும் மேலே ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். ஒவ்வொரு பாரிலும், அதாவது மூன்று எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும், கை கீழே போய் மேலே வர வேண்டும். இங்கே பார்க்க வேண்டியவை மூன்று. பேஸிலிருந்து கார்டுக்கு எவ்வளவு தூரம்? ஓர் ஆக்டேவை (ஒரு ஸ்வரத்திலிருந்து அதே பெயருள்ள அடுத்த ஸ்வரம் வரையான தூரத்தை) ஒட்டியிருந்தால் கை பழகிக்கொள்ளும்; ஒன்றரை, இரண்டு ஆக்டேவ் என்றால் தனியாக உழைக்க வேண்டும். கார்டுகள் உள்ளங்கைக்குள் அடங்குகின்றனவா, விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறதா? எட்டு பாரில் எத்தனை முறை கார்டு மாறுகிறது? நம் ஏ மைனர் வால்ட்ஸ் இந்த மூன்றிலும் கருணையானது. தாவல்கள் மிதமானவை, கார்டுகள் கைக்குள் அடங்குபவை, அமைப்பும் பெரும்பாலும் மாறாமல் வருகிறது.

மூன்றாவது, ஸ்வர அடையாளங்கள். ஏ மைனருக்கு ஷார்ப்பும் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) இல்லை, ஃப்ளாட்டும் (அரைப்படி தாழ்த்தும் குறி) இல்லை. பிற்பகுதியில் கொஞ்ச நேரம் ஏ மேஜருக்குப் போகும்போது எஃப், சி, ஜி மூன்றும் ஷார்ப் ஆகின்றன. புதியவர்கள் ஐந்து ஷார்ப் உள்ள பக்கத்தைப் பார்த்தாலே மூடிவிடுகிறார்கள். அது கண்ணுக்குத்தான் கடினம். கைக்கு அப்படி இல்லை. ஷோபான் தம் மாணவர்களுக்கு ஸ்கேல் சொல்லிக்கொடுக்கும்போது சி மேஜரில் தொடங்கமாட்டார். ஐந்து கறுப்புக் கட்டைகள் வரும் பி மேஜரைத்தான் முதலில் கொடுப்பார். நீளமான நடுவிரல்கள் கறுப்புக் கட்டைகள் மேலும், குட்டையான கட்டைவிரல் வெள்ளைக் கட்டை மேலும் இயல்பாக உட்காருகின்றன. சி மேஜரில் கைக்குப் பிடிமானமே இல்லை. ஆகவே ஷார்ப்களின் எண்ணிக்கையைப் படிக்க ஆகும் நேரமாகக் கணக்கில் வையுங்கள். வாசிக்கும் கடினமாக வைக்காதீர்கள்.

இப்போது மிகக் கடினமான வரியைத் தேடுங்கள். ஏ மைனர் வால்ட்ஸில் அது ஏறக்குறைய 21-ஆம் பாரில் இருக்கிறது. அதுவரை நிதானமாகப் போன வலது கை, திடீரென்று ‘இ’ மேஜர் ஆர்பெஜியோவாக, அதாவது கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக, கீழிருந்து மேலே வாரிக்கொண்டு போகிறது. கேட்பதற்குப் பிரமாதமான இடம். பாதிப் பேர் தடுக்கி விழுவதும் அங்கேதான். முழுப் பாடமும் நான்காம் கிரேடு போல இருந்தாலும் அந்த ஒரு பார் ஒரு படி மேலே நிற்கிறது. எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு வரி ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ‘எளிது’ என்று சொல்லக் கூடாது.

கடைசியாக, அரை மணி நேரச் சோதனை. அந்தக் கடினமான வரியையும், வேறெங்காவது ஒரு எட்டு பாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் உழைத்த பிறகு பாதி வேகத்தில் இரண்டு கையும் சேர்த்து, தடுமாறினாலும் நிற்காமல், அந்த எட்டு பாரைக் கடக்க முடிகிறதா? கடினமான வரியில் ஒற்றைக் கையாவது மெதுவாகச் சரியாக விழுகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தாராளமாக எடுக்கலாம். தினமும் உட்கார்ந்தால் இரண்டு மாதங்களில் உருப்படியாக வந்துவிடும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் இப்போதைக்கு வேண்டாம். கிரீக்கின் ஏ மைனர் வால்ட்ஸையோ, சைக்கோவ்ஸ்கி 1878-இல் குழந்தைகளுக்காக எழுதிய தொகுப்பிலுள்ள வால்ட்ஸையோ முதலில் வாசியுங்கள். இரண்டும் அருமையான இசை. கீழிறங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 61 கட்டை கீபோர்டில் கற்றுக்கொண்டிருப்பவர்கள் ஸ்வரங்களை அதிலேயே படித்துவிடலாம். ஆனால் கனமான கட்டைகளும் பெடலும் இல்லாமல் வால்ட்ஸ் முழுமையாகாது. பேஸை ஆழமாகவும் கார்டை லேசாகவும் தொடுவதுதான் இதன் உயிர். லேசான பிளாஸ்டிக் கட்டைகளில் அந்த வேறுபாட்டை விரல் கற்றுக்கொள்வது கடினம். வாரத்தில் ஓரிரு நாளாவது ஆசிரியர் வீட்டிலோ இசைப் பள்ளியிலோ நல்ல பியானோவில் உட்கார வழி தேடிக்கொள்ளுங்கள்.

பயில்வது

முதல் வாரம் மெட்டை மறந்துவிடுங்கள். ஆசையை அடக்குவது கஷ்டம்தான். ஆனால் மெட்டு ஏற்கெனவே காதில் இருக்கிறது, அது வந்துவிடும். இடது கை தானாக வராது.

தொடங்கும் முன் விரல் எண்களைத் தீர்மானியுங்கள். பதிப்பில் அச்சிட்டிருக்கும் எண்கள் உங்கள் கைக்குப் பொருந்தாவிட்டால் மாற்றுங்கள், மாற்றியதை எழுதிவையுங்கள், எழுதிய பிறகு மாற்றாதீர்கள். நாளுக்கொரு விரலில் வாசித்தால் கைக்கு எதுவும் பதியாது.

இடது கைத் தாவலை இப்படிப் பழகுங்கள். சுண்டுவிரலால் பேஸ் ஸ்வரத்தைத் தொடுங்கள். தொட்ட கணத்திலேயே கை கார்டின் மேல் போய் நிற்க வேண்டும். ஆனால் கார்டை அழுத்தக் கூடாது. விரல்கள் அந்தந்தக் கட்டைகளின் மேல் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சரியென்றால் அழுத்துங்கள். அங்கிருந்து அடுத்த பேஸுக்கும் அதேபோல்: உடனே போய், நின்று, சரிபார்த்து, பிறகு ஒலி. ஒலிக்கும் வேகம் ஆமை வேகமாக இருக்கலாம். நகரும் வேகம் முதல் நாளிலிருந்தே முழு வேகமாக இருக்க வேண்டும். மெதுவாக நகர்ந்து பழகியவர்கள், பிறகு வேகம் கூட்டும்போது தாவலை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது.

கை போகும் பாதையையும் கவனியுங்கள். மேலே தூக்கிப் பெரிய வளைவாகக் கொண்டுபோனால் நேரமும் போகும், குறியும் தப்பும். கட்டைகளை உரசுவதுபோலத் தாழ்வாக, முழங்கையும் கூடவே பக்கவாட்டில் நகர, போய் வர வேண்டும். மணிக்கட்டை மட்டும் திருப்பி எட்டிப் பிடிக்கிறவர்களுக்குப் பத்து நிமிடத்தில் முன்கை வலிக்கும். வலித்தால் நிறுத்துங்கள், வலியோடு தொடர்ந்தால் தப்பான அசைவுதான் படியும்.

தாவல் பிடிபட்ட பிறகு கார்டுகளை மட்டும், பேஸ் இல்லாமல், வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எந்த விரல் அசையாமல் அதே ஸ்வரத்தில் இருக்கலாம், எது அரைப்படி நகர்கிறது என்பது தெரியவரும். பிறகு பேஸ்களை மட்டும் வாசியுங்கள். அதுவே ஒரு மெட்டு என்று காதில் விழும்போது, இடது கை உங்களுக்கு மனப்பாடம் ஆகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதே நாட்களில் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த ஆர்பெஜியோவை வேலை வாங்குங்கள். ஸ்வரங்கள் இ, ஜி ஷார்ப், பி என்று மறுபடி மறுபடி வருகின்றன. விரல்கள் 1, 2, 3, மறுபடி 1, 2, 3, உச்சியில் 5. சிக்கல் முழுவதும் மூன்றாம் விரலுக்கு அடியில் கட்டைவிரல் நழுவிப் போகும் இடத்தில் இருக்கிறது. அதனால் முதலில் இ, ஜி ஷார்ப், பி மூன்றையும் ஒரே கார்டாக அழுத்துங்கள். எடுத்து ஓர் ஆக்டேவ் மேலே அதே கார்டு. இன்னும் மேலே உச்சி ‘இ’. கை நிலைகள் மனத்தில் பதிந்ததும், பி-யிலிருந்து மேல் ‘இ’-க்குப் போகும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும், இரண்டே ஸ்வரங்களாக, முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். முழங்கை சற்று வெளியே மிதந்தால் கட்டைவிரலுக்கு வழி கிடைக்கும். கடைசியில்தான் எல்லாவற்றையும் கோக்க வேண்டும். உச்சியை எட்டிய பிறகு வரும் இறக்கத்தையும் சேர்த்தே பழகுங்கள். ஏறிய மகிழ்ச்சியில் அங்கே தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

இனி மெட்டு. வாசிக்கும் முன் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எங்கே மூச்சு எடுக்கத் தோன்றுகிறதோ அங்கே வாக்கியம் முடிகிறது. பியானோவிலும் அங்கே கை லேசாக எழ வேண்டும். முதல் சுற்றில் மெட்டைச் சுற்றி வரும் சிறு அலங்கார ஸ்வரங்களை எல்லாம் விட்டுவிடுங்கள். அடிப்படை ஸ்வரங்கள் காலப்பிரமாணத்தில் உறுதியாக நின்ற பிறகு அவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். அலங்காரத்தைச் சேர்த்ததும் தாளம் இடறினால், அது இன்னும் சேர்க்கும் நேரம் வரவில்லை என்று பொருள்.

இரண்டு கையையும் சேர்ப்பதில் ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. வலது கை முழு மெட்டை வாசிக்கட்டும். இடது கை முதல் எண்ணிக்கையின் பேஸை மட்டும் வாசித்துவிட்டுச் சும்மா இருக்கட்டும். அது நன்றாக வந்தபின் இரண்டாம் எண்ணிக்கையின் கார்டைச் சேருங்கள். பிறகு மூன்றாவது. இப்படிச் சேர்த்தால் பேஸுக்கும் மெட்டுக்கும் உள்ள உறவு முதலில் காதில் விழும். கார்டுகள் இடையே அடங்கி ஒலிக்கப் பழகிவிடும். அடுத்த கட்டமாக, கார்டுகளைக் கட்டைமேல் தொடுங்கள், ஆனால் ஒலி எழுப்பாதீர்கள். பேஸும் மெட்டும் மட்டும் கேட்க வேண்டும். கடினமான பயிற்சிதான். ஆனால் இதைச் செய்தவர் வாசிப்பில் ‘டும் சக் சக்’ என்ற இரைச்சல் இருக்காது. அளவு இதுதான்: மெட்டு முன்னால், பேஸ் அதற்குப் பின்னால், கார்டுகள் தூரத்தில். மூன்றாவது கார்டு இரண்டாவதைவிடவும் மெல்லியது.

பெடலை இந்தக் கட்டத்தில்தான் கொண்டுவர வேண்டும். சுண்டுவிரல் பேஸை விட்டுக் கிளம்பியதும் அந்த ஒலி அற்றுப்போகாமல் தாங்குவது பெடலின் முதல் வேலை. பேஸ் ஒலிக்கும் கணத்தில் கால் பழைய பெடலை விடும். ஒலித்த உடனே மறுபடி அழுத்தும். ஒலிக்கும் முன்பே அழுத்தினால் முந்தைய கார்டின் கலங்கல் ஒட்டிக்கொண்டு வரும். மெட்டு நீண்ட ஸ்வரத்தில் நிற்கும் பாரில் மூன்று எண்ணிக்கையும் பிடிக்கலாம். அடுத்தடுத்த ஸ்வரங்களாக மெட்டு ஓடும் பாரில் மூன்றாவது எண்ணிக்கைக்கு முன்பே விட்டுவிடுங்கள். ஆர்பெஜியோவில் மட்டும் தாராளமாகப் பிடியுங்கள். எல்லாம் ஒரே கார்டின் ஸ்வரங்கள், கலங்காது. காது சொல்வதைக் கால் கேட்க வேண்டும். அறைக்கு அறை, பியானோவுக்குப் பியானோ இது மாறும்.

வேகம் பற்றி. காலத்தைச் சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமில் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 60 என்று தொடங்குங்கள். மூன்று முறை தொடர்ந்து பிசகில்லாமல் வந்தால் நான்கு கூட்டுங்கள். கடினமான வரி எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் முழுப் பாடத்தின் இன்றைய வேகம். எளிய பகுதிகளை வேகமாக ஓட்டி, கடினமான இடத்தில் பிரேக் போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது பெரும்பாடு. நூறைத் தாண்டியதும் தட்டைப் பாருக்கு ஒன்றாக மாற்றுங்கள். 120 என்றால் பாருக்கு 40. இந்த மாற்றத்தில்தான் வால்ட்ஸ் சுழலத் தொடங்கும். மூன்று எண்ணிக்கைகள் ஒரே அசைவாகிவிடும். இந்தப் பாடத்துக்கு 120 முதல் 140 வரை போதுமானது. அதற்குமேல் ஓட்டினால் அதன் ஏக்கம் காணாமல் போகிறது.

‘ஷோபான் என்றால் தாளத்தை நீட்டிக் குறுக்கி வாசிக்க வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் கடைசியில். அவருடைய மாணவர் கரோல் மிகுலி எழுதிவைத்திருக்கிறார்: ஷோபானின் பியானோ மேல் மெட்ரோனோம் எப்போதும் இருந்தது. இடது கை இசைக்குழுவை நடத்துபவரைப்போலக் காலத்தைக் காக்க வேண்டும், வலது கைதான் அதன்மேல் சுதந்திரமாகப் பேச வேண்டும் என்பது ஷோபான் சொல்லிக்கொடுத்த முறை. இப்படி நீட்டிக் குறுக்குவதற்குப் பெயர் ரூபாட்டோ; இரண்டு கையும் சேர்ந்து தள்ளாடினால் அது ரூபாட்டோ ஆகாது. இடது கை மெட்ரோனோமோடு உறுதியாக நின்ற பிறகு, ஒரு வாக்கியத்தின் உச்சி ஸ்வரத்தில் ஒரு கணம் தங்கி, அடுத்த ஸ்வரங்களில் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஓரிரு இடம் போதும். எங்கெங்கே என்று முன்கூட்டியே பென்சிலால் குறியுங்கள்.

மனப்பாடம் செய்ய விரும்பினால் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டி ஓட்டிச் செய்யாதீர்கள். நோட்டில் ஐந்தாறு இடங்களை எண்ணிட்டு, எந்த எண்ணிலிருந்தும் தொடங்க முடிகிறதா என்று பாருங்கள். ஏ மேஜர் பகுதியின் தொடக்கம் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். மெட்டு திரும்பி வரும் இடம் இன்னொன்று. மேடையில் கை நின்றுபோனால் பிடித்துக்கொள்ள அந்த எண்கள்தான் இருக்கும்.

நோட்டை மூடுவதற்கு முன் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கேட்காத இரண்டு குறைகள் பதிவில் உடனே கேட்கும்: இடது கைக் கார்டுகள் நீங்கள் நினைத்ததைவிட உரக்க இருப்பதும், ஆர்பெஜியோவுக்கு முந்தைய பாரில் பயத்தினால் காலம் இழுபடுவதும். இரண்டையும் திருத்துங்கள்.

இதற்கு அடுத்து எது என்றால், பி மைனர் வால்ட்ஸைச் சொல்வேன். ஓபஸ் 69, எண் 2. ஷோபான் 1829-இல், தம் 19 வயதில் எழுதியது. அதன் நடுப்பகுதி பி மேஜருக்கு, ஐந்து ஷார்ப்களுக்குப் போகிறது. கை அங்கே எவ்வளவு சுகமாக உட்காருகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு. அது கைவந்த பிறகு சி ஷார்ப் மைனர் வால்ட்ஸ், ஓபஸ் 64, எண் 2. இரண்டையும் தொடும் முன் அதே அரை மணி நேரச் சோதனையைச் செய்யுங்கள். சி ஷார்ப் மைனரில் சோதனைக்கு எடுக்க வேண்டியது, வேகம் கூடி வலது கை இடைவிடாமல் ஓடும் பகுதி.